போணிக்கு முன்னால் கேட்கக் கூடாத பணம்

எங்கள் வீட்டில் வாடகை கேட்பதற்கும் நாள், நேரம் பார்ப்பார்கள். காலையில் கடை திறந்ததும் கேட்கக் கூடாது, போணி ஆகியிருக்காது. விளக்கு வைத்த பிறகு கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் யாரும் காசை வெளியே விட மாட்டார்கள். செவ்வாய், வெள்ளி கூடவே கூடாது. கடையில் ஆள் நிற்கும்போது கேட்டால் அவருக்கு மரியாதைக் குறைச்சல். அவர் வீட்டில் விசேஷம் என்றால் அந்த வாரம் முழுக்க வாயே திறக்கக் கூடாது. இதையெல்லாம் கழித்தால் மாதத்துக்கு ஏழெட்டு மத்தியானங்கள்தான் மிஞ்சும். அம்மா இந்த வழக்கத்தை அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டார், நான் அம்மாவிடமிருந்து. 2022 நவம்பர் தொடங்கி 2024 ஜூலை வரை, 21 மாதம், எங்கள் கடை வாடகை வராமல் போனதற்கு முதல் காரணம் இதுதான் என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். கடைக்காரரின் கஷ்டம் இரண்டாவது காரணம்.

கடை புரசைவாக்கத்தில், கங்காதீசுவரர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தெருவில். கீழே கடை, மேலே வீடு. அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் கட்டியது. அவர் 2016இல் போன பிறகு அம்மாவின் மருந்து, வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாமே அந்த வாடகையில்தான் ஓடின. கீழே ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்தவர் 2012இல் வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்; என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். 2019 முதல் மாத வாடகை 42,000 ரூபாய். அட்வான்ஸ் 4,00,000. சென்னையில் வழக்கமாகப் பேசும் பத்து மாதக் கணக்குக்குக் கொஞ்சம் குறைவு.

மாதம் 5ஆம் தேதி அவர் மேலே வருவார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, மஞ்சள் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட கட்டை எடுத்து அம்மா கையில் கொடுப்பார். அம்மா எண்ண மாட்டார், காபி கொடுப்பார். அப்புறம் நோட்டு வெளியே வரும். அப்பா காலத்து நீளமான கணக்கு நோட்டு. மாதம், தேதி, தொகை, பக்கத்தில் அவர் கையெழுத்து. அவரிடம் இருக்கும் நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அம்மா கையெழுத்துப் போடுவார். பத்து வருடம் இப்படியே போனது. 2020இல் கொரோனா வந்தபோது இரண்டு மாத வாடகை வேண்டாம் என்றோம். "நிலைமை சரியாகற வரைக்கும் பாதி குடுங்க தம்பி" என்று நானே சொன்னேன். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. 2022 ஜனவரியில் அவரே பழையபடி முழு வாடகை கொடுக்க ஆரம்பித்தார்.

2022 நவம்பர் 5ஆம் தேதி அவர் மேலே வரவில்லை. பத்தாம் தேதி வாக்கில் கீழே பார்த்தபோது, தீபாவளிச் சரக்குக்காக சௌகார்பேட்டை மொத்த வியாபாரியிடம் வாங்கிய கடனைக் கட்டிவிட்டு அடுத்த வாரம் தருகிறேன் என்றார். "பரவாயில்லை தம்பி, மெதுவா குடுங்க" என்றேன். இந்த ஒரு வார்த்தையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மெதுவாக என்றால் எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பொங்கல் வியாபாரம் வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் யூனிஃபார்ம் ஓடும் என்றார். பிறகு ஆடித் தள்ளுபடி, மறுபடி தீபாவளி. துணிக்கடைக்காரருக்கு வருடத்தில் எப்போதும் இரண்டு மாதம் தள்ளி ஒரு சீசன் காத்திருக்கும். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் நம்பித்தான் சொன்னார். நடுநடுவே பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று கொடுத்தார். மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பாதை எங்கள் பக்கமாகத்தான் போகிறது. அந்த வேலைகளால் நெடுஞ்சாலைப் பக்கம் வந்துபோகிற கூட்டம் திசை மாறியதும் உண்மை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும், மத்தியானம் முழுக்க அவர் கடைப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2023 நவம்பரில் ஒரு ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்து கூட்டினேன். 13 மாதம், 5,46,000 ரூபாய். அவர் அவ்வப்போது கொடுத்தது எல்லாம் சேர்த்து 1,10,000. பாக்கி 4,36,000. அட்வான்ஸ் 4,00,000. எங்கள் கையில் இருப்பதாக நான் நினைத்திருந்த பிடி போன மாதத்தோடேயே கிட்டத்தட்ட கரைந்துபோயிருந்தது. அட்வான்ஸ் இருக்கிறது, என்ன பயம் என்றுதான் ஒரு வருடம் சும்மா இருந்தேன். அந்த அட்வான்ஸையே அவர் மாதாமாதம் எங்களுக்கு வாடகையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கடை வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரிடமும் நான் இப்போது இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். பத்து மாத அட்வான்ஸ் என்றால் பத்து மாதம் பொறுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. நோட்டீஸ், மனு, வாய்தா என்று காலி செய்ய வைப்பதற்கே பல மாதம் ஆகும். அத்தனை மாதமும் அட்வான்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் பாக்கி, உடைந்த ஷட்டர், வெள்ளை அடிக்கிற செலவு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். கரண்ட் பாக்கியைக் குறிப்பாகச் சொல்கிறேன். மீட்டர் நம் பெயரில், பாக்கி இணைப்பு எண்ணின் மேல். வாடகைக்கு இருந்தவர் போய்விட்டாலும் அது நம் தலையில்தான் நிற்கும்.

சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்தே விட்டார். "ராத்திரி அவன் ஷட்டரை இறக்கிட்டுப் போனதும் நம்ம பூட்டு ஒண்ணு மேல போடு. காலையில காசோட வந்து நிப்பான்." எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் பெரிய பூட்டு ஒன்று வாங்கினேன். கையில் எடுத்தால் ஒரு கிலோ இருக்கும்போல கனம், எண்ணெய் வாசனை, கம்பியில் கோத்த மூன்று சாவி. அன்று ராத்திரி பத்து மணிக்கு அவர் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. மாடிப்படியில் பூட்டோடு நின்றேன். கீழே இறங்கவில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். பூட்டு மேசை டிராயருக்குள் போனது.

போடாமல் விட்டதே நல்லது என்று பிறகு தெரிந்தது. எவ்வளவு பாக்கி இருந்தாலும், கோர்ட் உத்தரவு இல்லாமல் நாமே பூட்டுப் போட்டு ஆளை வெளியேற்ற முடியாது. 1963ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6ஆம் பிரிவின்படி, அப்படி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் இடம் யாருடையது என்ற பேச்சே எழாது. பூட்டின மறுநாளிலிருந்து பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவராகவும் நாம் குற்றவாளியாகவும் ஆகிவிடுவோம். ஃபியூஸைப் பிடுங்குவதும், தண்ணீரை நிறுத்துவதும் அதே மாதிரிதான். தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே அதைத் தடை செய்திருக்கிறது. போலீஸும் இதில் வர மாட்டார்கள். சிவில் விவகாரம் என்பார்கள், அது சரியும்கூட.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். கடையின் கீழ்த் தட்டில் இருந்த சரக்கு எல்லாம் நனைந்து, குழந்தைகள் துணியைப் படிக்கட்டுக் கைப்பிடியில் காயப்போட்டிருந்தார். அந்த மாதமும் கேட்கவில்லை. அம்மாதான் பிஸ்கட் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் கொடுத்து அனுப்பினார். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

பொங்கல் முடிந்து 2024 ஜனவரியில் தம்புச்செட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் போனேன். கூடப் படித்த தோழியின் மகள், முப்பது வயதுக்குள்தான் இருப்பாள். நான் கதை சொல்ல ஆரம்பித்ததும், "ஆன்ட்டி, கதை அப்புறம். பேப்பர் என்ன இருக்கு?" என்றாள். 2012இல் 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய 11 மாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் எல்லாரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். நாங்களும் எழுதினோம், பிறகு புதுப்பிக்கவே இல்லை. அதோடு நோட்டு. நோட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பக்கம் பக்கமாகத் திருப்பி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் கொண்டுவந்த புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் அதுதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் கட்டாவிட்டால், காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆக மூன்றாவது மாதம் முடியும்போதே நான் செய்திருக்கக்கூடிய வேலைக்குப் பதினைந்தாவது மாதத்தில் வந்து உட்கார்ந்திருந்தேன்.

இதில் பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. இடத்தைத் திரும்ப வாங்குவது ஒரு வேலை, பாக்கிப் பணத்தை வாங்குவது இன்னொரு வேலை. முதலாவதற்கு வாடகை நீதிமன்றம். இரண்டாவதைப் பணத்துக்கான வழக்காகத் தனியாகக் கொண்டுபோகலாம் என்றாள் அவள். அதற்குக் கெடு மூன்று வருடம், ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது விழுந்த தேதியிலிருந்து தனித்தனியாக. பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கெடு தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். பாக்கி இருப்பதை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும், ஆனால் பழைய கெடு முடிவதற்குள் அந்தக் கையெழுத்து விழ வேண்டும். நண்பர்களுக்கு நான் சொல்வது இது: பாக்கி வைத்தவர் டைம் கேட்டால் கொடுங்கள், அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோபம் இல்லாத நாளில் கேட்டால் யாரும் போட்டுவிடுவார்கள்.

சின்னச் சின்னத் தொகையாக வந்த 1,10,000 எந்த மாதத்துக்கு என்பதும் ஒரு கேள்வி. கொடுத்தவர் இன்ன மாதத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அதற்குத்தான் வைக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் வாங்கினவர் எந்தப் பாக்கியில் வேண்டுமானாலும் வரவு வைக்கலாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தில் 59 முதல் 61 வரையிலான பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. பழைய மாதத்தில் வரவு வைத்து ரசீதில் மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் கெடு தாண்டும் பயம் குறையும். நான் ரசீதில் "வாடகை வரவு" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

சட்டப் புத்தகத்தில் அவள் காட்டிய ஒன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1882ஆம் ஆண்டு பிரசிடென்சி ஸ்மால் காஸ் கோர்ட்ஸ் சட்டம், கல்கத்தா, சென்னை, பம்பாய் என்ற மூன்று நகரங்களுக்கு மட்டும் எழுதியது. அதில் வாடகைப் பாக்கிக்காகக் கடைச் சரக்கை ஜப்தி செய்வதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 12 மாதத்துக்கு மேற்பட்ட பாக்கிக்கு அது செல்லாது. ஜப்தி சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும்தான் நடக்க வேண்டும். படித்தபோது, கீழே கைப்பிடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தக் குழந்தைத் துணிகள்தான் ஞாபகம் வந்தன. அந்த வழி வேண்டாம் என்றேன். அவளும் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் காட்டவில்லை.

வக்கீல் நோட்டீஸ் போனது. டிசம்பர் முடிய 14 மாதம், வந்தது போக 4,78,000. கீழே தபால்காரர் கையெழுத்து வாங்குவதை மாடியிலிருந்து பார்த்தேன். அன்று சாயங்காலம் அவர் கடைக்குள் விளக்கைப் போடாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து ஏரியாவில் செல்வாக்கான ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். வந்தவர், "பத்து வருஷமா இருக்கறவருக்கு வக்கீல் நோட்டீஸா அம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. நான் நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

நோட்டீஸுக்கு ஒரு மாதம் கழிந்தும் பணம் வரவில்லை. கடை முழுக்க வியாபாரத்துக்கே பயன்பட்ட இடம், தொகையும் 3 லட்சத்துக்கு மேல். அதனால் பாக்கிப் பணத்துக்கான வழக்கு வணிகத் தகராறு, வணிக நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. அவசர உத்தரவு எதுவும் கேட்காவிட்டால் வழக்குப் போடுவதற்கு முன் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பது சட்டம். எனக்கு அது முதலில் இழுத்தடிப்பாகத் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது மனம் மாறியது. மார்ச்சில் பாக்கி 6,04,000. வழக்கு என்றால் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், 18,120 ரூபாய். 2017க்கு முன்னால் இது 7.5 சதவீதமாக இருந்தது. சமரசத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000. இந்தத் தொகைக்குச் சமரசர் கட்டணம் 15,000, இரண்டு பக்கமும் பாதிப் பாதி. அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதை மீறுகிறவர் மேல் நேராக நிறைவேற்றும் நடவடிக்கைக்குப் போகலாம்.

உயர் நீதிமன்ற வளாகத்துக்கு நான் அதற்கு முன் போனதே இல்லை. பாரிமுனையில் பஸ்ஸில் போகும்போது சிவப்புக் கோபுரங்களைப் பார்த்ததோடு சரி. நாட்டிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையம் 2005இல் இந்த உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது என்று வக்கீல் சொன்னாள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. நீளமேசை, ஆறு நாற்காலி, தண்ணீர் பாட்டில். சமரசர் நடுத்தர வயது வக்கீல். யார் பேசினாலும் குறுக்கே பேசாமல் கேட்டார், குறிப்பு எழுதிக்கொண்டார்.

முதல் நாள் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அவர் தரப்பில் ஒரு விஷயத்தை எடுத்தார்கள். 2020இல் நாங்களே வாடகையைப் பாதியாக்கிவிட்டோம், அதை மறுபடி ஏற்றியதாக எந்த எழுத்தும் இல்லை, அதனால் மாதம் 21,000 கணக்கில்தான் பாக்கி என்று. கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நான் கருணையாகச் சொன்ன வார்த்தை என் மேலேயே திரும்பி நின்றது. வக்கீல் ஒன்றும் பேசாமல் நோட்டைத் திறந்து 2022ஆம் வருடப் பக்கத்தை மேசை நடுவில் வைத்தாள். ஜனவரி 42,000. பிப்ரவரி 42,000. மார்ச். ஏப்ரல். அக்டோபர் வரை பத்து வரி, பத்துக்கும் பக்கத்தில் பச்சை மையில் அவர் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீட்டி ஒரு சுழி போடுவார், அந்தச் சுழி பத்திலும் இருந்தது. அவர் குனிந்து அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் வக்கீலிடம், "விடுங்க சார், முழு வாடகைதான்" என்றார்.

மூன்றாம் நாள் சமரசர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, கடைசியில் ஒன்றாக உட்கார வைத்தார். அன்றைக்குத்தான் கடைக்காரர் முழுசாகப் பேசினார். தீபாவளிச் சரக்கு விற்காமல் போனதும் தண்டல் வாங்கியிருக்கிறார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்டல்காரர் பைக்கில் வந்து கடை முன்னால் நிற்பார், அன்றைக்கு விற்ற காசு அப்படியே அவரிடம் போகும். சரக்குக்காரர் வாரம் இரண்டு முறை போன் செய்வார். "அவங்க தினமும் வந்து நின்னாங்க, குடுத்தேன். நீங்க கேக்கவே இல்லையே அக்கா. அதனால உங்களுதுதான் பின்னால போய்க்கிட்டே இருந்துச்சு."

குற்றம் சொல்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நடந்தது அதுதான். அவர் கல்லாவில் காசு இருந்த நாள்கள் உண்டு. அது கேட்டவர்களுக்குப் போனது. முதல் மாதம் பத்தாம் தேதியே நான், "தம்பி, நவம்பர் வாடகை வரலை, எப்போ தருவீங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தால் தண்டலுக்குப் போகும் முன் என்னிடம் பேசியிருப்பார். கடையைச் சின்னதாக்குவதா, காலி செய்வதா என்று இரண்டாவது மாதமே யோசித்திருப்பார். 21 மாதம் நஷ்டத்தில் ஓட்டியிருக்க மாட்டார். என் மௌனத்தை நான் அவருக்குச் செய்யும் உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேலும் மேலும் உள்ளே போக அதுவே வழி விட்டது.

ஒப்பந்தம் மே மாதம் ஆனது. ஜூலை 31க்குள் காலி செய்வது. அதுவரைக்கும் 21 மாத வாடகை 8,82,000, வந்தது 1,10,000, அட்வான்ஸ் 4,00,000 கழித்தால் அவர் தர வேண்டியது 3,72,000. அதில் 2,50,000 தருவது என்று முடிந்தது. சாவி கொடுக்கும் அன்று டிராஃப்டாக 1,00,000, மீதி மாதம் 25,000 வீதம் ஆறு காசோலை. கரண்ட் பாக்கி முழுக்க அவருடையது. 1,22,000 ரூபாயும் வட்டியும் நாங்கள் விட்டது. சித்தப்பாவுக்கு இதில் இன்னும் கோபம்தான். நான் விட்டதற்குக் காரணம் இரக்கம் மட்டும் இல்லை. வழக்கு நடக்கும் காலத்தில் கடை மாதம் 42,000 வீதம் சும்மா போகும், மூன்று மாதத்திலேயே 1,26,000 ஆகிவிடும். இந்தக் கணக்கைக் கோபம் போட விடாது, அதனால் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 31 மத்தியானம் கடைசி மூட்டையும் டாடா ஏஸில் ஏறியது. கடைக்குள் புதுத்துணி வாசனை மட்டும் பாக்கி. கரண்ட் மீட்டரைப் போனில் படம் எடுத்தோம், இரண்டு பேரும் ஒரு தாளில் ரீடிங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். டிராயரில் எட்டு மாதமாகக் கிடந்த பூட்டை எடுத்து வந்து ஷட்டரில் நான்தான் போட்டேன்.

அக்டோபர் மாதக் காசோலை பணம் போதாமல் திரும்பியது. இதற்கு மட்டும் நாள் கணக்கு கறாராக இருக்க வேண்டும். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் கட்டாவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டம் 138ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். வங்கிச் சீட்டு வந்த நான்காம் நாளே நோட்டீஸ் அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டு நானே போன் செய்தேன். "தம்பி, செக் திரும்பிடுச்சு. நோட்டீஸ் வரும், பயப்படாதீங்க, 15 நாள் இருக்கு. என்னைக்குப் போடறீங்க?" அன்று வெள்ளிக்கிழமை, மணி காலை ஒன்பதரை. பன்னிரண்டாம் நாள் பணம் கணக்கில் விழுந்தது.

வரி விஷயம் ஒன்று, பலருக்குத் தெரியாது. வராத வாடகைக்கும் வருமான வரி கட்ட வேண்டும் என்று நினைத்து இரண்டு வருடம் கணக்கில் காட்டிவிட்டிருந்தேன். அந்த வருடங்களுக்குப் பொருந்திய 1962 வருமான வரி விதிகளில் 4ஆம் விதி அதற்கு வழி வைத்திருந்தது. வாடகை ஒப்பந்தம் உண்மையானதாக இருக்க வேண்டும், ஆள் காலி செய்திருக்க வேண்டும் அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், நம்முடைய வேறு இடத்தில் அவர் குடியிருக்கக் கூடாது, வசூலுக்குச் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்திருக்க வேண்டும் அல்லது செய்தாலும் பயனில்லை என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டும். அப்படி இருந்தால் வராத வாடகையை வருமானத்தில் சேர்க்க வேண்டியதில்லை. பின்னால் வந்தால் வந்த வருடத்தில் 30 சதவீதம் கழித்துக்கொண்டு காட்டலாம். நோட்டீஸ், சமரச ஒப்பந்தம் எல்லாவற்றின் நகலையும் ஆடிட்டர் வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. ஒப்பந்தம் எழுதிப் பதிந்திருக்கிறோம். வாடகை 5ஆம் தேதி வங்கியில் விழ வேண்டும். 6ஆம் தேதி காலையில் விழாவிட்டால் நான் ஒரு செய்தி அனுப்புவேன், 15ஆம் தேதி வராவிட்டால் கடிதம் வரும், இது கோபம் இல்லை என்று சாவி கொடுக்கும் முன்பே அந்தப் பையனிடம் சொல்லிவிட்டேன். இரண்டு முறை 6ஆம் தேதி செய்தி அனுப்பியிருக்கிறேன். இரண்டு முறையும் அன்று மத்தியானத்துக்குள் பணம் வந்தது. செய்தி அனுப்பிய ஒரு தேதி செவ்வாய்க்கிழமை. அம்மாவிடம் சொல்லவில்லை.

கடைசிக் காசோலை 2025 ஜனவரியில் பாஸ் ஆனது. அடுத்த வாரம் துணிக்கடைக்காரர் வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு எப்போதும் உட்காரும் மர நாற்காலியில் உட்கார்ந்தார். கொளத்தூரில் வீட்டு முன்னறையிலேயே நைட்டியும் பாவாடையும் வைத்து அவர் மனைவி விற்கிறார், ஆர்டர்களை இவர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். தண்டல் எல்லாம் அடைத்தாயிற்று என்றார். அம்மா காபி கொடுத்தார். நான் நோட்டை எடுத்து அவர் கணக்கு இருக்கும் பக்கத்தில், வந்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்று எழுதி, "பாக்கி இல்லை" என்று கீழே எழுதினேன். அவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார், இல்லை. என் நீல மைப் பேனாவை வாங்கி, சுழி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு தன் நோட்டையும் பையிலிருந்து எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.